கறுப்புக் கோட்டு அவதாரமும் பஸ் சார்ஜும்

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை இரவு ஆத்தூரில் நம் கிளைத் தோழர்கள் இரண்டு வேட்டிகளைச் சேர்த்துத் தைத்துத் திரை கட்டி 'ஜெய்பீம்' படத்தைப் போட்டுக் காட்டினார்கள். 2021 நவம்பரில் வந்த படம். அது தியேட்டருக்கு வராமல் அமேசான் கம்பெனி மூலம் இணையத்தில் நேராக வெளியாயிற்று. சந்தா கட்ட வழியில்லாத நம் ஜனங்களில் பாதிப் பேர் அப்போது பார்க்கவில்லை. பார்த்தவர்களும் யாரோ ஒருவருடைய செல்போனில் துண்டு துண்டாகப் பார்த்தவர்கள்தான். அன்றிரவு மில் வேனிலிருந்து இறங்கிய பெண்கள் தூக்குச்சட்டியுடன் அப்படியே உட்கார்ந்தார்கள். நடவுக்குப் போய் இடுப்பொடிந்து வந்தவர்களும் படம் முடிகிறவரை எழுந்திருக்கவில்லை. மறுநாள் முதல் டீக்கடையிலும் வரப்பிலும் மில் வேனிலும் அதே பேச்சு. அந்தப் பேச்சைப் பற்றித்தான் நாம் இங்கே எழுத வேண்டியிருக்கிறது.

பத்துப் பேரில் எட்டுப் பேர் சொன்ன அபிப்பிராயம் ஒன்றுதான். "அந்த மாதிரி ஒரு சின்ன வயசு வக்கீல் நமக்குக் கெடச்சாப் போதும் தோழர், எல்லாம் சரியாப் போயிரும்."

இந்த அபிப்பிராயம் தவறு. ஆபத்தும்கூட. சொன்னவர்கள் நம்மவர்கள், நல்ல மனத்தோடு சொன்னார்கள். அதனாலேயே இதைக் கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்க முடியாது.

வேறு சில அபிப்பிராயங்களும் வந்தன. அவற்றை முதலில் முடித்துவிடுவோம். "ஏழைகளின் சோகத்தைக் காட்டிக் காசு பண்ணுகிறார்கள்" என்றார் உரக்கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர். சினிமா எடுக்கிறவர் காசுக்குத்தான் எடுக்கிறார். உரம் விற்பவரும் தர்மத்துக்கு விற்பதில்லை. இதில் என்ன புதுமை கண்டார்?

படம் வந்த நாளில் கிளம்பிய காலண்டர் விவகாரத்தை இன்னொருவர் மீண்டும் எடுத்தார். படத்தில் சப்-இன்ஸ்பெக்டர் வீட்டுச் சுவரில் தொங்கிய காலண்டர் தங்கள் சமூகத்தை இழிவுபடுத்துகிறது என்று வன்னியர் சங்கம் 5 கோடி ரூபாய் நஷ்டஈடு கேட்டு நோட்டீஸ் விட்டது. படக்காரர்கள் அந்தக் காட்சியை மாற்றினார்கள். டைரக்டர் ஞானவேல் வருத்தமும் தெரிவித்தார். ஒரு சமூகத்தின் மேல் வீண் பழி விழக்கூடாது என்பது நியாயமே. ஆனால் லாக்கப்பில் செத்த மனிதனைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், சுவரில் தொங்கிய காலண்டரைப் பற்றி மாதக்கணக்கில் பேசினார்களே, அது யாருக்கு லாபம்? கூலி வேலைக்குப் போகும் வன்னியர் ஸ்டேஷனில் அடிபட்டதே இல்லையா? அவரைப் போலீஸ் நாற்காலி போட்டு உட்காரவைத்தா விசாரிக்கிறது?

"அதெல்லாம் 1993-ல நடந்தது, இப்பக் காலம் மாறிப்போச்சு" என்றார் ஒரு கல்லூரி மாணவர். தம்பி, 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தகப்பனும் மகனும் என்ன ஆனார்கள்? 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில் கோயில் காவலாளி அஜித்குமார் எப்படிச் செத்தார்? அங்கும் நகை காணோம் என்ற புகார்தான். 1993-லும் நகை காணோம் என்ற புகார்தான். முப்பத்திரண்டு வருஷம் கழித்தும், பணக்காரர் வீட்டு நகை காணாமல் போனால் ஏழையின் உடம்பில்தான் தேடுகிறார்கள்.

இனி நம்மவர்களின் அபிப்பிராயத்துக்கு வருவோம்.

படத்தில் வருவது கற்பனைக் கதையல்ல. 1993 மார்ச்சில், அன்றைய தென்னாற்காடு மாவட்டத்தில், விருத்தாசலத்துக்கு அருகே முதனை என்ற கிராமத்தில் நடந்தது. படம் இருளர் என்று காட்டுகிறது. உண்மையில் ராஜாக்கண்ணு குறவர் சமூகத்தைச் சேர்ந்தவர், அறுவடைக் கூலிக்குப் போகிறவர். கம்மாபுரம் போலீசார் நகைத் திருட்டு என்று சொல்லி அவரையும் உறவினர்களையும் ஸ்டேஷனில் வைத்து அடித்தார்கள். அவர் மனைவி பார்வதியையும் அடித்தார்கள். பிறகு, "உன் புருஷன் தப்பி ஓடிவிட்டான்" என்றார்கள். ஓடியவரின் உடல் வேறொரு போலீஸ் எல்லையில், யாரென்று தெரியாத பிணமாகக் கிடந்தது. பார்வதி சென்னை ஐகோர்ட்டில் ஆட்கொணர்வு மனுப் போட்டார். வழக்கை நடத்தியவர் வக்கீல் கே. சந்துரு. 2006-ல் ஐகோர்ட் தீர்ப்புச் சொல்லிப் போலீஸ்காரர்கள் தண்டிக்கப்பட்டார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், 13 ஆண்டுகள்.

படம் இரண்டே முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. அதில் தப்பில்லை, 13 ஆண்டுக்கா படம் காட்ட முடியும்? ஆனால் 13 ஆண்டைச் சுருக்கும்போது எதைச் சுருக்கினார்கள், எதைப் பெருக்கினார்கள் என்று நாம் கேட்க வேண்டும்.

பெருக்கியது வக்கீலை. அவரைச் சின்ன வயசுக்காரராகவும் ஆக்கிவிட்டார்கள். சந்துரு பிறந்தது 1951-ல். வழக்கு வந்தபோது அவருக்கு நாற்பது கடந்திருந்தது. சினிமாவுக்கு இளமை வேண்டும், போகட்டும். ஆனால் நாற்பது வயது என்பதற்கு ஓர் அர்த்தம் உண்டு. மாணவர் இயக்கத்தில் கொடி பிடித்து, ஊர் ஊராகப் போய், தொழிலாளர் வழக்குகளில் பழகிப் பழகி ஆன நாற்பது அது. அவர் வானத்திலிருந்து கறுப்புக் கோட்டுடன் குதிக்கவில்லை. இயக்கம் அவரை உருவாக்கியது, அவர் தம் வித்தையை ஜனங்களுக்குக் கொடுத்தார். பின்னால் ஐகோர்ட் நீதிபதியாகி, 2013-ல் ஓய்வுபெறும் வரை ஏறக்குறைய 96,000 வழக்குகளை முடித்தார். கோர்ட்டில் தம்மை 'மை லார்டு' என்று அழைக்க வேண்டாம் என்று சொன்னவரும் அவர்தான். அவரைச் சிறுமைப்படுத்த நாம் இதை எழுதவில்லை.

சுருக்கியது யாரை? அதை ஆத்தூரில் கண்டுபிடித்துச் சொன்னவர் எழுபது வயதைத் தாண்டிய ஒரு நடவுக்காரப் பாட்டி. படம் முடிந்து எல்லோரும் வக்கீலைப் புகழ்ந்துகொண்டிருந்தபோது அவர் கேட்டார்:

"ஏப்பா தோழரு, அந்தப் புள்ள எத்தன தடவ மெட்ராசுக்குப் போயிட்டு வந்துருக்கும்? பஸ் சார்ஜு யாரு குடுத்தா?"

கூட்டம் கொஞ்சம் சிரித்தது. நாம் சிரிக்கவில்லை. படத்தைப் பற்றி வந்த விமரிசனங்களில் நாம் படித்தவற்றில் எதுவும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

முதனையிலிருந்து சென்னைக்கு இருநூறு கிலோமீட்டருக்கு மேல். வழக்கு என்றால் ஒரு தடவையோடு முடிவதில்லை. வாய்தா, மறு வாய்தா, சாட்சி வரவில்லை, நீதிபதி இல்லை. போகும் நாளில் கூலி இல்லை. கூலி இல்லாத நாளில் பிள்ளைகளுக்குச் சோறு இல்லை. போலீசோ உள்ளூரிலேயே இருக்கிறது. வழக்கை வாபஸ் வாங்கு என்று மிரட்டல் ஒரு பக்கம், பணம் தருகிறோம் என்ற பேரம் ஒரு பக்கம். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண் இத்தனையையும் தாங்கி நின்றது எதன் பலத்தில்?

முதலில், பார்வதியின் சொந்த உறுதியில். இரண்டாவது, அவரைத் தனியாக விடாத உள்ளூர் மனிதர்களின் பலத்தில். அந்த வட்டாரத்து மார்க்சிஸ்ட் கட்சித் தோழர்கள்தான் அவரோடு நின்றார்கள், மனுக்களோடு அலைந்தார்கள், சென்னைக்குக் கூட்டிப்போய் வக்கீலிடம் சேர்த்தார்கள், சாட்சிகளைச் சிதறாமல் காத்தார்கள். படத்தில் இந்த வேலையில் பெரும் பகுதியை, மலை ஜனங்களுக்குப் பாடம் சொல்லித்தரும் ஓர் ஆசிரியை செய்வதாக மாற்றியிருக்கிறார்கள். சிவப்புக் கொடி அங்கங்கே தெரிகிறது. வக்கீல் வீட்டில் மார்க்சும் அம்பேத்கரும் பெரியாரும் இருக்கிறார்கள். தெருவில் நடந்து செருப்புத் தேய்ந்தவர்கள் மட்டும் பின்னணியில் மங்கிப்போனார்கள். 'நம் பெயரைப் போடவில்லையே' என்ற மனத்தாங்கல் அல்ல இது. பஸ் சார்ஜுக்குத் துண்டேந்தி வசூல் செய்தவர்களைத் திரையிலிருந்து எடுத்துவிட்டால், பார்க்கும் கூலிக்காரர் என்ன பாடம் எடுத்துக்கொள்வார்? 'வசூல் தேவையில்லை, சங்கம் தேவையில்லை, ஒரு நல்ல வக்கீல் வந்தால் போதும்' என்றுதானே?

"அப்படியானால் வக்கீலே வேண்டாம் என்கிறீர்களா?" என்று மில் வேனில் ஒரு தம்பி நம்மை மடக்கினார். இல்லை. காய்ச்சலுக்கு டாக்டர் வேண்டும்தான். ஆனால் நோயாளியை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக நாலு பேர் வேண்டும், ராத்திரி பக்கத்தில் இருக்க ஒருவர் வேண்டும்.

படத்தில் வக்கீல் ஒரு பழைய வழக்கை எடுத்துக்காட்டி, ஆட்கொணர்வு மனுவிலேயே சாட்சிகளை விசாரிக்கலாம் என்று வாதாடுகிறாரே, நினைவிருக்கிறதா? அது கேரளத்து ராஜன் வழக்கு. அவசரநிலைக் காலத்தில், 1976 மார்ச்சில் கோழிக்கோட்டு எஞ்சினீயரிங் கல்லூரி மாணவன் ராஜனைப் போலீஸ் கக்கயம் முகாமுக்குக் கொண்டுபோனது. அவன் திரும்பவில்லை. தகப்பனார் ஈச்சர வாரியர் ஓய்வுபெற்ற ஹிந்திப் பேராசிரியர். ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கி, அவசரநிலை முடிந்ததும் 1977-ல் கேரள ஐகோர்ட்டில் மனுப் போட்டார். முதலமைச்சராக இருந்த கருணாகரன் ராஜிநாமா செய்ய வேண்டியதாயிற்று. மகனின் உடல் மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை. சந்துரு கையில் எடுத்த ஆயுதம், ஒரு கிழத் தகப்பனின் கால் அலைந்து சம்பாதித்த ஆயுதம். சட்டப் புத்தகத்தில் ஏழைக்குச் சாதகமாக ஒரு வரி இருந்தால், அதற்குப் பின்னால் இப்படி யாரோ அலைந்திருக்கிறார்கள்.

கோர்ட்டை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு நாம் தூரம் போகவேண்டியதில்லை. கீழ்த்தஞ்சையில் வெண்மணி இருக்கிறது. 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட குற்றத்துக்காகக் குடிசைக்குள் வைத்து 44 பேரைக் கொளுத்தினார்கள். கீழ்க்கோர்ட்டு மிராசுதார்களுக்குத் தண்டனை கொடுத்தது. 1973-ல் சென்னை ஐகோர்ட் விடுதலை செய்தது. கார் வைத்திருக்கும் பெரிய நிலச்சொந்தக்காரர்கள் தாங்களே நடந்துபோய் நெருப்பு வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லையாம்! பணக்காரர் நடக்க மாட்டார் என்பதே அங்கே சாட்சியமாகிவிட்டது. அந்த வழக்கில் வக்கீல்கள் இல்லையா? இருந்தார்கள். சட்டம் இல்லையா? இருந்தது. இதே கீழ்த்தஞ்சை விவசாயத் தொழிலாளருக்கு 1969-ல் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. கொலைகாரர்களைக் கோர்ட்டு விட்டுவிட்டது, கூலியை ஜனங்களின் போராட்டம் பிடுங்கிக் கொடுத்தது.

வாச்சாத்தியையும் சொல்ல வேண்டும். தர்மபுரி மாவட்டத்து மலைக்கிராமம். 1992 ஜூன் 20-ம் தேதி, சந்தன மரம் தேடுகிறோம் என்று வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் புகுந்து ஊரையே சூறையாடின. பதினெட்டுப் பெண்கள் பலாத்காரம் செய்யப்பட்டார்கள். மலைவாழ் மக்கள் சங்கத் தோழர்கள் போய்ப் பார்த்து வெளியே கொண்டுவரும் வரை வெளியுலகத்துக்குத் தெரியாது. தோழர் ஏ. நல்லசிவன் சுப்ரீம் கோர்ட்டில் மனுப் போட்டார். 1995-ல் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவு. 2011 செப்டம்பரில் தீர்ப்பு. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் செத்துப்போயிருந்தார்கள், உயிரோடிருந்த 215 பேருக்கும் தண்டனை. மேல்முறையீட்டை ஐகோர்ட் தள்ளியது 2023 செப்டம்பரில். மொத்தம் 31 ஆண்டுகள்! இதில் எந்த வக்கீலைக் கதாநாயகனாக வைத்துப் படம் எடுப்பது? அந்தப் பெண்கள் அத்தனை ஆண்டுகள் தர்மபுரிக்கும் சென்னைக்கும் அலைந்தார்கள். விசாரிக்க வந்தவர்கள் மாறினார்கள், வக்கீல்கள் மாறினார்கள், நீதிபதிகள் மாறினார்கள். அந்தப் பெண்களும் சங்கமும் மாறவில்லை.

படித்த தோழர் ஒருவர் ஓர் அமெரிக்க நாவலின் கதையைச் சொன்னார். ஜான் கிரிஷாம் என்பவர் முன்பு வக்கீலாக இருந்தவர். சின்ன வயசு வக்கீல் பெரிய கம்பெனியை எதிர்க்கிற கதைகளாக எழுதிக் கோடிக்கணக்கில் விற்றவர். 1995-ல் வந்த அவருடைய நாவல் ஒன்றில், அப்போதுதான் பரீட்சை பாஸான ஒரு வக்கீல், நோயாளிப் பையனுக்குச் சிகிச்சைப் பணம் தர மறுத்த இன்ஷூரன்ஸ் கம்பெனியைக் கோர்ட்டில் தோற்கடிக்கிறான். ஐந்து கோடி டாலருக்கு மேல் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு. கம்பெனி என்ன செய்கிறது? மஞ்சக் கடுதாசி கொடுத்துவிடுகிறது. பையன் முன்பே செத்துவிட்டான், தாய்க்கு ஒரு காசும் வரவில்லை. அமெரிக்க முதலாளித்துவத்தின் நடுவே உட்கார்ந்து எழுதியவரே, ஒற்றை வக்கீலின் வெற்றியை அதற்கு மேல் இழுக்க முடியவில்லை!

நம் ஜில்லாவுக்கு வருவோம். 2021 ஜனவரியில் திண்டுக்கல் பக்கத்து ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்த தலித் இளம்பெண் ஒருவர், அங்கேயே வேலை பார்த்த சூப்பர்வைசரால் கொலை செய்யப்பட்டார். அங்கிருந்த பெண் தொழிலாளிகள் வாயை மூடிக்கொண்டு போகவில்லை. தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் என்ற பெண்கள் தலைமை தாங்கும் சங்கம், வெளிநாட்டுத் தொழிலாளர் அமைப்புகளையும் சேர்த்துக்கொண்டு, துணி வாங்கும் எச் அண்ட் எம் கம்பெனிவரை இழுத்து உட்காரவைத்து, 2022 ஏப்ரலில் கையெழுத்து வாங்கியது. 'திண்டுக்கல் ஒப்பந்தம்' என்று உலகமெங்கும் அதற்குப் பெயர். தொழிற்சாலைக்குள்ளேயே பெண் தொழிலாளிகள் கண்காணிப்பாளர்களாக இருந்து, பாலியல் தொல்லையைத் தட்டிக்கேட்க அதில் வழி செய்தார்கள். அது நம் சங்கமல்ல. இருக்கட்டுமே! நம் ஊர்ப் பெயரால் உலகம் பேசுகிற ஒரு தொழிலாளி வெற்றியைப் பற்றி, நம் மில் வேனில் பத்துப் பேரிடம் கேட்டோம். ஒருவருக்குத்தான் தெரிந்திருந்தது. 'ஜெய்பீம்' வக்கீலைப் பத்துப் பேருக்கும் தெரிந்திருந்தது.

இது யார் குற்றம்? சினிமாக்காரரை மட்டும் சொல்லித் தப்ப முடியாது. அன்றைக்குப் படம் காட்ட நாம் அடித்த நோட்டீசில் என்ன போட்டிருந்தோம்? 'ஏழைகளுக்கு நீதி பெற்றுத் தந்த இளம் வக்கீலின் வீரக் கதை!' அதை எழுதியது நாம்தான். கூட்டம் சேர வேண்டுமே என்ற அவசரத்தில் பார்வதியின் பெயரைக்கூடப் போடவில்லை. பாட்டி கேட்ட கேள்வி முதலில் நமக்குத்தான்.

அந்தப் பார்வதி அம்மாள் எங்கே, எப்படி இருந்தார் தெரியுமா? 2021-ல் படம் வந்த பிறகு பத்திரிகைக்காரர்கள் தேடிப் போனபோது, சென்னைப் பக்கம் வறுமையில் இருந்தார். மார்க்சிஸ்ட் கட்சியின் அன்றைய மாநிலச் செயலாளர் தோழர் கே. பாலகிருஷ்ணன் கடிதம் எழுதியதும், நடிகர் சூர்யா 10 லட்சம் ரூபாயை அவர் பெயரில் பாங்கியில் போடுவதாக அறிவித்தார். நல்ல காரியம். ஆனால் வழக்கில் ஜெயித்த பிறகும் பதினைந்து ஆண்டுகள் அந்தக் குடும்பத்தின் பட்டினி நீங்கவில்லை என்பதையும் சேர்த்துத்தான் 'நீதி கிடைத்தது' என்று சொல்ல வேண்டும்.

படத்தின் முதல் காட்சியை நினைத்துப் பாருங்கள். ஜெயில் வாசலில் விடுதலையாகி வருகிறவர்களை ஜாதி கேட்டுக் கேட்டுப் பிரிக்கிறார்கள். நாதியுள்ள ஜாதிக்காரர் வீட்டுக்குப் போகலாம், மற்றவர்களைப் பழைய கேஸ்களில் போட மறுபடி வண்டியில் ஏற்றுகிறார்கள். அந்த வாசலில் எந்த வக்கீலும் நிற்கவில்லை. வக்கீல் வருவது அடி விழுந்த பிறகு. அடி விழாமல் தடுக்கக் கூடியவர்கள் அந்த ராத்திரியே ஸ்டேஷன் வாசலுக்குப் போகிற ஊர்க்காரர்கள்தான். பிடித்துப் போனவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 22-ம் பிரிவு சொல்கிறது. கைதுக் குறிப்பு எழுதிச் சாட்சி கையெழுத்து வாங்க வேண்டும், உறவினருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று 1996-ல் டி.கே. பாசு வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. இதைக் கேட்க கறுப்புக் கோட்டு வேண்டாம். வண்டி வந்த நேரத்தையும் வண்டி நம்பரையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைக்கப் பத்தாம் வகுப்புப் பிள்ளை போதும். மடப்புரத்தில் போலீஸ் அடித்ததை மறைவிலிருந்து செல்போனில் பிடித்ததும் ஒரு சாதாரண ஆள்தான். அந்தக் காட்சி வெளியே வராமல் இருந்திருந்தால் அந்தச் சாவுக்கு வேறு காரணம் எழுதியிருக்க மாட்டார்களா?

இதையெல்லாம் எழுதத் தூண்டியது படம் மட்டுமல்ல. படம் காட்டிய மூன்றாம் நாள், செம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு மில் தொழிலாளி அம்மா தம் மகனுடன் நம் ஆபீசுக்கு வந்தார். வலது கையில் இரண்டு விரல் இல்லை. கார்டிங் மெஷினில் போனது. மில் பெயரை இப்போது சொல்ல வேண்டாம். ஆஸ்பத்திரிச் செலவைக் கட்டிவிட்டு, வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

"எப்பம்மா நடந்துச்சு?" என்று கேட்டோம்.

"எட்டு மாசமாச்சுண்ணே. நல்ல வக்கீலாப் பாப்போம்னு இருந்தோம். அந்தப் படத்துல வர்ற மாதிரி ஆளு யாராச்சும் உங்களுக்குத் தெரியுமாண்ணே?"

எட்டு மாதம்! மெஷினை நிறுத்திக் கையை வெளியே எடுத்தவர்கள் மூன்று ஒடிசாப் பையன்கள். அவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். அன்றைய ஷிப்டில் யார் யார் இருந்தார்கள் என்று அந்த அம்மாவுக்குப் பாதிதான் நினைவிருக்கிறது. மருத்துவச் சீட்டில் 'வீட்டில் அடிபட்டது' என்று எழுதியிருக்கிறார்கள், அதை அவர்கள் படித்துப் பார்க்கவே இல்லை. அதே மில்லில், அதே வேனில் வருகிற இருபது பேருக்கு இது தெரியும். ஒருவரும் சங்கத்தில் சொல்லவில்லை. எல்லோரும் நல்ல வக்கீலைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

திண்டுக்கல்லில் ஒரு வக்கீல் தோழர் இருக்கிறார். சின்ன வயசுதான். காகிதங்களைப் பார்த்துவிட்டு, "சாட்சி கொண்டாங்க தோழர், மிச்சத்த நான் பாத்துக்கிறேன்" என்றார். சாட்சியை அவர் கொண்டுவர முடியாது. அது நம் வேலை. வேனில் வருகிற பெண்களில் நாலு பேர் இப்போது பேச முன்வந்திருக்கிறார்கள். ஒடிசாப் பையன்களில் ஒருவருடைய போன் நம்பர் கிடைத்திருக்கிறது. ஹிந்தி தெரிந்த தோழர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை பேசுகிறார். தொழிலாளர் ஆபீசுக்கு அந்த அம்மாவோடு போய்வர இரண்டு பேர் ஒப்புக்கொண்டார்கள். பஸ் சார்ஜுக்கு ஆத்தூர்க் கிளையில் உண்டியல் வைத்தாயிற்று. முதலில் பத்து ரூபாய் போட்டவர் அந்த நடவுக்காரப் பாட்டி.